ஹவியேர், சேவியர், சவேரியார்: ஒரே பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் கால்பந்து அணியில் சாவி எர்னாண்டஸ், சாபி அலோன்சோ, ஹாவி மார்ட்டினெஸ் என்று மூன்று பேர் இருந்தார்கள். எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு, சொந்த ஊர் வேறு. ஆனால் மூவருக்கும் பெயர் ஒன்றுதான். நாகர்கோவில் கோட்டாற்றில் திருவிழா எடுக்கும் சவேரியாருக்கும் அதே பெயர்தான். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன பொருள், ஏன் இத்தனை வேஷம் போடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். கேள்விகளையும் பதில்களையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஹவியேர் என்றால் என்ன அர்த்தம்?

"புது வீடு". அவ்வளவுதான்.

பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சப்பென்று இருக்கும். வீரம், ஒளி, தெய்வ அருள் என்று எதுவும் இதில் இல்லை. வடக்கு ஸ்பெயினிலும் அதை ஒட்டிய பிரான்ஸ் மூலையிலும் பேசப்படும் பாஸ்க் மொழியில் "எச்செ" என்றால் வீடு, "பெர்ரி" என்றால் புதியது. நாம் "புது வீடு" என்போம். பாஸ்க்காரர்கள் அடைமொழியைப் பின்னால் வைத்து "வீடு புது" என்பார்கள். எச்செபெர்ரி. அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து ஹவியேர் ஆனது.

எச்செபெர்ரி எங்கே, ஹவியேர் எங்கே? நம்பும்படியாக இல்லையே?

புதுச்சேரி பாண்டிச்சேரி ஆனதை நம்புகிறோம் அல்லவா? அங்கேயும் "புது" என்ற சொல் அந்நிய வாயில் அகப்பட்டு அடையாளம் தெரியாமல் போனது. இங்கும் அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடந்தது.

நவார்ரா என்ற பகுதியில் பாஸ்க் மொழியும் லத்தீனிலிருந்து பிறந்த பேச்சுவழக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. லத்தீன் வழி பேசியவர்கள் எச்செபெர்ரியைத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றினார்கள். முதலில், அழுத்தம் இல்லாத முன் "எ" உதிர்ந்தது. "ச்ச" ஒலி இளகி "ஷ" ஆனது. நடுவில் இருந்த "எ" பிளந்து "இயெ" ஆனது; லத்தீனில் நிலத்தைக் குறிக்கும் "தெர்ரா" ஸ்பானிய மொழியில் "தியெர்ரா" ஆனதும் இதே விதிப்படிதான். கடைசி உயிரும் மறைந்தபோது மிஞ்சியது "ஷவியேர்".

இதற்குச் சாட்சி வரைபடத்திலேயே இருக்கிறது. நவார்ராவுக்குக் கிழக்கே அரகோன் பகுதியில் ஹவியெர்ரே என்றும் ஹவியெர்ரெகாய், ஹவியெர்ரெலாத்ரே என்றும் ஊர்கள் உண்டு. அவற்றில் அந்தக் கடைசி "ஏ" இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எச்செபெர்ரிக்கும் ஹவியேருக்கும் நடுவே விட்டுப்போன படிக்கட்டு மாதிரி.

கடைசியாக "ஷ" ஏன் "ஹ" ஆனது? அது தனிக் கதை. கீழே வருகிறது.

அப்படியானால் இது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?

ஊர்ப் பெயர். அதற்கும் முன்னால் வீட்டுப் பெயர். பம்ப்லோனா நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், அரகோன் எல்லைக்குப் பக்கத்தில், ஹவியேர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு கோட்டை. அந்தக் கோட்டையில் 1506 ஏப்ரல் 7 அன்று பிறந்த பிரான்சிஸ்கோ என்ற கடைசிப் பிள்ளைதான் பின்னாளில் புனித பிரான்சிஸ் சவேரியார்.

அவருக்கு முன் இது பிள்ளைக்கு வைக்கிற பெயராக வழக்கத்தில் இருக்கவில்லை. "ஹவியேர் ஊர்க்காரர்" என்று அடையாளம் சொல்லத்தான் பயன்பட்டது. 1622 மார்ச் 12 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு "பிரான்சிஸ்கோ ஹவியேர்" என்று சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் முன்பாதி உதிர்ந்து, ஹவியேர் தனியாக நிற்கப் பழகியது. இன்றும் ஸ்பெயினில் "ஹாவி" என்று கூப்பிடப்படும் பலரின் அடையாள அட்டையில் பார்த்தால் முழுப் பெயர் பிரான்சிஸ்கோ ஹவியேர் என்றிருக்கும்.

தமிழருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பழனி, சிதம்பரம், அண்ணாமலை, வேளாங்கண்ணி என்று ஊரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நமக்குப் பழகிய வழக்கம். ஊரில் இருக்கும் சாமியை நினைத்துத்தான் வைக்கிறோம், ஊரை நினைத்து இல்லை. ஹவியேரும் அப்படித்தான். என்ன, அங்கே ஊரால் சாமி அறியப்படவில்லை. மனிதரால் ஊர் அறியப்பட்டது.

1622இல் வேறு யாருக்கெல்லாம் பட்டம் கிடைத்தது?

ஒரே நாளில் ஐந்து பேருக்கு. பிரான்சிஸ் சவேரியார், லொயோலா இஞ்ஞாசியார், ஆவிலா தெரேசா, மத்ரித் நகரின் உழவர் இசிதோர், இத்தாலியரான பிலிப் நேரி. "நாலு ஸ்பெயின்காரர்களுக்கும் ஒரு புனிதருக்கும் பட்டம் கொடுத்தார்கள்" என்று ரோம்காரர்கள் கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. பிலிப் நேரி ரோமின் செல்லப்பிள்ளை, அதனால் வந்த குசும்பு.

சவேரியாருடைய உண்மையான குடும்பப் பெயர் என்ன?

தந்தை ஹுவான் தெ ஹாசோ. பொலோஞ்ஞாவில் சட்டம் படித்த முனைவர், நவார்ரா அரசரின் ஆலோசனை மன்றத் தலைவர். தாய் மரியா தெ அஸ்பிலிக்குவேத்தா. ஹவியேர் கோட்டை தாய் வழியில் வந்த சொத்து.

இன்றைய கணக்குப்படி பார்த்தால் அவர் பிரான்சிஸ்கோ ஹாசோ அஸ்பிலிக்குவேத்தா என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் இன்றைக்கு இருப்பதுபோல இறுகிப்போகவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் வேறு வேறு பெயர் போட்டுக்கொள்வது சாதாரணம். மூத்த அண்ணன் மிகேல் கோட்டைக்கு வாரிசு, அதனால் "ஹவியேர்" என்று போட்டுக்கொண்டார். அடுத்த அண்ணன் ஹுவான் தாயின் பெயரான அஸ்பிலிக்குவேத்தாவை எடுத்துக்கொண்டார். சொத்து யாருக்கோ, அந்தப் பெயர் அவருக்கு.

பாஸ்க் நாட்டில் வீடு என்பது வெறும் கட்டடம் இல்லை. குடும்பத்துக்கு வீடு பெயர் கொடுக்கும். வீட்டை விட்டுப் போனாலும் பெயர் கூடவே போகும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுப் பெயர் சொல்லி ஆளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

ஒரு விஷயம். அவர் தன் கடிதங்களில் பெரும்பாலும் "பிரான்சிஸ்கோ" என்று மட்டும் கையெழுத்திட்டார். கூட இருந்த போர்த்துக்கீசியர்கள் "மேஸ்த்ரே பிரான்சிஸ்கோ" என்றார்கள். பாரிசில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் என்பதால் அந்த "மேஸ்த்ரே". உலகம் அவரை அழைக்கிற பெயரை அவர் பெரிதாகப் பயன்படுத்தவே இல்லை.

பிரான்சிஸ்கோ என்றால்?

"பிரெஞ்சுக்காரன்". அசிசி நகரத்துத் துணி வியாபாரி ஒருவர் ஜொவான்னி என்று ஞானஸ்நானம் பெற்ற தன் மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அந்த மகன் புனிதர் ஆனதும் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆக, பிரான்சிஸ்கோ ஹவியேர் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "பிரெஞ்சுக்காரன் புதுவீடு" என்று வரும். பெயர்களைப் பெயர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சவேரியார் ஸ்பெயின்காரரா, பாஸ்க்காரரா?

இந்தக் கேள்வியைப் பம்ப்லோனாவில் ஒரு டீக்கடையில் கேட்டால் மதியம் வரை சண்டை நடக்கும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் பிறந்தபோது நவார்ரா தனி அரசு. 1512இல், இன்றைய ஸ்பெயினுக்கு மையமாக அமைந்த காஸ்தீல் அரசின் படை அதைப் பிடித்தது. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த வருடம், நவார்ராவின் பழைய அரசருக்கு ஆதரவாகக் குடும்பம் நின்றது என்பதற்காக, ஹவியேர் கோட்டையின் கோபுரங்களையும் மதில்களையும் இடித்துத் தள்ளும்படி, அப்போது காஸ்தீலின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்நேரோஸ் உத்தரவிட்டார். பத்து வயதுப் பையன் தன் வீடு இடிபடுவதைப் பார்த்தான். இன்று அங்கே நிற்பது பிற்காலத்தில் சீரமைத்துக் கட்டிய கோட்டை. ஒரு வகையில் அது மறுபடியும் "புது வீடு" தான்!

அண்ணன்மார் இருவரும் காஸ்தீலுக்கு எதிரான பக்கத்தில் சண்டை போட்டார்கள். 1521இல் பம்ப்லோனா கோட்டை முற்றுகையில் எதிர்ப்பக்கம் காலில் குண்டடி பட்டவர் இஞ்ஞாசியார் என்கிற இனிகோ தெ லொயோலா. எட்டு வருடம் கழித்து, பாரிசில் சாந்த் பார்ப் கல்லூரியில், அதே இனிகோ பிரான்சிஸ்கோவின் அறைத்தோழராக வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து இயேசு சபையின் முதல் வரிசையில் நின்றது பின்கதை.

சரி, தாய்மொழி? இதற்கு அவர் கைப்பட எழுதிய சாட்சி இருக்கிறது. அது நம் கடற்கரையைப் பற்றி எழுதியது என்பதுதான் சுவாரஸ்யம். 1542 மே மாதம் கோவாவுக்கு வந்தவர் அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர் ஊர்களுக்கு வந்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதியபோது, இங்குள்ளவர்கள் பேசுவது தனக்குப் புரியவில்லை, தான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அவர்களுடைய தாய்மொழி மலபார், தன்னுடையது பிஸ்காயன் என்று குறிப்பிட்டார். அன்றைய ஐரோப்பியர் வாயில் "மலபார்" என்றால் இங்கே தமிழ். "பிஸ்காயன்" என்றால் பாஸ்க்.

அதாவது, தன் தாய்மொழி பாஸ்க் என்று அவர் பதிவு செய்த வரியிலேயே தமிழும் உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு இரண்டு மொழியும் தெரிந்த ஊர்க்காரர்களைக் கூட்டி, மந்திரங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்க வைத்து, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

அவர் ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்குத் தன் பெயரையே வைத்தாரா?

இல்லை. அது பிற்கால வழக்கம். ஆனால் பெயர் வைப்பதில் அவருக்கு ஒரு நடைமுறை இருந்தது. 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார்: ஞானஸ்நானம் கொடுத்த பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுப்பார், ஆண்கள் வீட்டுக்குப் போய் மனைவி மக்களை அனுப்புவார்கள், அவர்களுக்கும் அப்படியே. திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அதே கடிதம் சொல்கிறது. அத்தனை பெயர்களை எழுதிக் கொடுத்த கை.

எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பெயர் எப்படி ஜே எழுத்துக்கு மாறியது?

மேலே பாதியில் விட்ட கதை இதுதான். பழைய ஸ்பானிய மொழியில் எக்ஸ் எழுத்துக்கு "ஷ" ஒலி. பிரான்சிஸ்கோ காலத்தில் அவருடைய ஊரை "ஷவியேர்" என்றே சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டிலும் இந்த "ஷ" தொண்டைக்குள் இறங்கி, காறலான "ஹ" ஆனது. எழுத்து மட்டும் பழையபடி எக்ஸாகவே நின்றது. 1815இல் ஸ்பானிய மொழிக் கழகம் தன் எழுத்து விதிகளைச் சீர்திருத்தி, இந்த ஒலிக்கு இனி ஜே எழுத்துதான் என்று தீர்மானித்தது. ஹெரெஸ் நகரமும் இப்படித்தான் எக்ஸை விட்டு ஜேக்கு மாறியது. மெக்சிகோ மட்டும் விடாப்பிடியாகப் பழைய எழுத்தை வைத்துக்கொண்டது. எழுதுவது எக்ஸ், சொல்வது "மெஹிகோ".

ஆக, இன்று மத்ரித்தில் கேட்கும் "ஹவியேர்" என்ற உச்சரிப்பை அந்தப் புனிதரே கேட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சாவி, சாபி, ஹாவி: இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

சாவி எர்னாண்டஸ் கத்தலோனியாவின் தெர்ராசா ஊர்க்காரர். கத்தலான் மொழியில் முழுப் பெயர் "ஷவியே" போல ஒலிக்கும், செல்லப்பெயர் "ச்சாவி". சாபி அலோன்சோ பாஸ்க் நாட்டின் தொலோசாவில் பிறந்தவர். பாஸ்க் மொழியில் "ஷபியேர்", சுருக்கினால் "ஷாபி". ஹாவி மார்ட்டினெஸ் புனிதரின் சொந்த மாநிலமான நவார்ராவில் எஸ்தேயா ஊரில் பிறந்தவர். அவர் பெயர் ஸ்பானிய வடிவத்தில் இருக்கிறது. சொந்த மாநிலத்துக்காரரிடம் பழைய ஒலி இல்லை, மற்ற இருவரிடம் இருக்கிறது என்பது வேடிக்கை.

முதல் இருவரும் இந்தப் பெயரோடு பதிவேட்டில் ஏற முடிந்ததற்கும் காரணம் உண்டு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1938இல், பின்னாளில் ஸ்பெயினைச் சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோவின் தரப்பு அரசு பாஸ்க், கத்தலான் பெயர் வடிவங்களைப் பதிவேட்டில் எழுதத் தடை போட்டது. வீட்டில் ஷபியேர் என்று கூப்பிட்ட பிள்ளை அரசாங்கத் தாளில் ஹவியேர். பிராங்கோ இறந்து, 1977 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் ஸ்பெயினின் மற்ற மொழிப் பெயர்களுக்கு வழி பிறந்தது. சாவி 1980இல் பிறந்தார், சாபி 1981இல். நாலைந்து வருடம் முந்தியிருந்தால் அந்த அணியில் மூன்று ஹவியேர்கள் இருந்திருப்பார்கள், காகிதத்திலாவது.

தமிழில் "சவேரியார்" எப்படி வந்தது?

புனிதர் வந்தது போர்த்துக்கீசியக் கப்பலில். போர்த்துக்கீசிய மொழியில் சொல்லின் முதலில் வரும் எக்ஸ் எழுத்துக்கு இன்றுவரை "ஷ" ஒலிதான்: "ஷவியேர்". தேவாலய லத்தீனில் பெயர் "ஷவேரியுஸ்" என்ற மாதிரி வால் நீண்டது. முதல் "ஷ" நம் வாயில் "ச" ஆனது. வாலில் இருந்த "யுஸ்" போய், மரியாதைக்குரிய "ஆர்" ஒட்டிக்கொண்டது. அந்தோணியுஸ் அந்தோணியார் ஆனதும், இக்னாசியுஸ் இஞ்ஞாசியார் ஆனதும் இதே அச்சில்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மத்ரித் தொலைத்த முதல் ஒலியைத் தமிழ் கிட்டத்தட்டக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஸ்பெயினில் "ஷ" "ஹ" ஆவதற்கு முன்பே பெயர் கப்பலேறி இங்கே இறங்கிவிட்டது. "சவேரியார்" என்பது ஏதோ நாட்டுப்புறத் திரிபு, "சேவியர்" தான் சரியான பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை தலைகீழ். சேவியர் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வழியாக வந்த பிந்திய வடிவம்.

பழைய பிரார்த்தனைப் புத்தகங்களில் "அர்ச்சியசிஷ்ட பிராஞ்சிஸ்கு சவேரியார்" என்று இருக்கும்; "அர்ச்சியசிஷ்ட" என்றால் புனித. அதில் "பிராஞ்சிஸ்கு" என்பதும் போர்த்துக்கீசிய வாடை அடிக்கும் வடிவம்தான்.

சவரிமுத்து, சவரியம்மாள் எல்லாம் இதே பெயரா?

ஆமாம். சவேரி சுருங்கிச் சவரி ஆனது. அதோடு முத்து, ராயன், நாதன், அம்மாள் என்று நம் ஒட்டுகள் சேர்ந்தன. இப்படித்தான் ஒரு பாஸ்க் வீட்டுப் பெயர் தமிழ்க் குடும்பப் பெயராக உருமாறியது. கூந்தலோடு சேர்த்துப் பின்னும் சவரிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இதை வைத்துக் கேலி செய்யப்பட்ட சவரிமுத்துக்கள் இனி தைரியமாகப் பதில் சொல்லலாம். சபரிமலை, சாவேரி ராகம், இரண்டும் வேறு வேறு.

இந்தப் பெயரைத் தாங்கிய தமிழ் அறிஞர் என்றால் சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் பிறந்து, தமிழாராய்ச்சியை உலகப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துப் போனவர். நிறுவனம் என்றால் பாளையங்கோட்டையில் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி.

"ஒளிமயமானவன்" என்றுதானே பெயர்ப் பட்டியல்களில் போட்டிருக்கிறது?

அரபு மொழியிலிருந்து வந்தது, "ஒளி" அல்லது "பிரகாசம்" என்று பொருள் என்று சில பட்டியல்கள் சொல்லும். ஆதாரம் இல்லாத பேச்சு. நவார்ராவின் ஊர்ப் பெயர்களையும் அரகோனின் ஹவியெர்ரேக்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. "மீட்பர்" என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் ஒலி கொஞ்சம் ஒத்திருப்பதால் வந்த குழப்பம். ஸ்பானிய மொழியில் மீட்பருக்கு சால்வதோர் என்று தனிப் பெயரே இருக்கிறது.

இதே பொருள் உள்ள வேறு பெயர்கள் உண்டா?

நிறைய. அதே பாஸ்க் சொல் தேயாமல் வந்ததுதான் எச்செவெர்ரியா என்ற குடும்பப் பெயர்; ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவிலும் எங்கும் பார்க்கலாம். சாவர்ரி என்பதும் அதன் உறவு. பாஸ்க் மொழியின் மேற்கு வழக்கில் "பெர்ரி" என்பதை "பர்ரி" என்பார்கள், அதிலிருந்து வந்தது. 1904இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹோசே எச்செகராயின் பெயரிலும் அந்த "எச்செ" இருக்கிறது, அவருடையது "உயர்ந்த வீடு". இரிபெர்ரி என்றால் "புது ஊர்", நம் புதூர்தான்.

மற்ற மொழிகளில் பார்த்தால், ஜெர்மானிய நாய்ஹவுஸ், பிரெஞ்சு மெசோன்னவ், ஸ்பானிய காசநுவேவா எல்லாம் "புது வீடு" தான். இத்தாலியில்? காசநோவா. காதல் லீலைகளுக்குப் பேர்போன அந்த வெனிஸ்காரருக்கும் துறவியான சவேரியாருக்கும் ஒரே பொருளில் பெயர்!

மற்ற நாடுகளில் எப்படிச் சொல்கிறார்கள்?

இத்தாலியில் சவேரியோ, நம் சவேரியாருக்கு மிக நெருக்கம். போலந்தில் க்ஸவேரி. ஜெர்மனியில், முக்கியமாகக் கத்தோலிக்க பவேரியாவில், க்ஸாவர். பிரான்சில் "க்ஸவியே" என்று கேட்கும். பிலிப்பைன்ஸில் ஹவியேர் குடும்பப் பெயராகவும் உண்டு. 1549இல் அவர் போய் இறங்கிய ஜப்பானில் பொதுவாக, முதல் எழுத்தை ஆங்கில இசட் போல ஒலித்து, "ஸபியேரு" என்கிறார்கள். அவர் ஊழியம் செய்த யாமகுச்சி நகரத்தார் மட்டும் "சபியேரு" என்பதை விட்டுக்கொடுப்பதில்லை.

பெண் பிள்ளைக்கு வைக்கலாமா?

தாராளமாக. ஹவியேரா என்ற பெண் வடிவம் சிலி நாட்டில் சகஜம். இத்தாலியில் சவேரியா. அமெரிக்காவில் குடியேறிய ஏழைகளுக்கு உழைத்து 1946இல் புனிதர் பட்டம் பெற்ற கப்ரினி அம்மையார், சவேரியார் மேல் இருந்த பக்தியால் தன் பெயரோடு சவேரியோ என்பதைச் சேர்த்துக்கொண்டவர். தமிழில் சவரியம்மாள் ஏற்கெனவே இருக்கிறாள்.

பெயர் விழா எந்த நாள்?

டிசம்பர் 3. சீனக் கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் சவேரியார் 1552இல் இறந்த நாள். ஸ்பெயினில் பிறந்த நாளோடு, தன் பெயர்ப் புனிதரின் நாளையும் கொண்டாடும் பழக்கம் உண்டு. அன்று ஹவியேர்களுக்கெல்லாம் வாழ்த்து போகும். நவார்ராவுக்கு அது மாநில நாள், விடுமுறை. 1657 முதல் சவேரியாரும் புனித பெர்மினும் சேர்ந்து அதன் பாதுகாவலர்கள். பாஸ்க் மொழி நாளும் அதே டிசம்பர் 3 தான், அந்தப் "பிஸ்காயன்" தாய்மொழிக்காரரை முன்னிட்டு. கோட்டாற்றில் தேர் ஓடி, குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் அன்றுதான்.

மார்ச் மாதத்தில் நவார்ராக்காரர்கள் ஹவியேர் கோட்டைக்குக் கால்நடையாகப் போவதும் உண்டு. "ஹவியெராதா" என்று பெயர். பம்ப்லோனாவிலிருந்து கிளம்பினால் 50 கிலோமீட்டர், கால் கொப்புளம் நிச்சயம்.

தமிழில் எந்த வடிவத்தை எழுதுவது சரி?

ஆளைப் பொறுத்தது. புனிதரை எழுதும்போது சவேரியார். இன்றைய ஸ்பெயின், தென் அமெரிக்க மனிதர்களுக்கு ஹவியேர். அர்ஜென்டினா அதிபர் மிலேயை "ஜேவியர்" என்று எழுதினால் அது ஆங்கில எழுத்தை வாசித்த தமிழ்தான். கத்தலான், பாஸ்க்காரர்களுக்கு அவரவர் மொழி ஒலியைப் பார்த்து எழுதுங்கள்.

தாத்தா சவரிமுத்து, அப்பா சேவியர், பேரன் ஜேவியர் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறையும் இருந்தால்? மூவருக்கும் டிசம்பர் 3 அன்று ஒரே கேக் போதும்.